'ம' படிக்க ஒரு வாரம்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறிவிடப் போகிறது. பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த பெற்றோர் பலர் ஜூலை மாதவாக்கில் என்னிடம் கேட்பது இதுதான்: "ஸ்கூல் தொறந்து ஒரு மாசமாச்சு. நோட்டைத் தொறந்தா ஒண்ணுமே இல்ல. பாட்டு பாடுறாங்க, கதை சொல்றாங்க, களிமண்ணை உருட்டுறாங்க. எப்பதான் பாடம் நடத்துவாங்க?" நியாயமான கவலைதான். நாமெல்லாம் சிலேட்டில் அ, ஆ எழுதித் தேய்த்து, மறுபடி எழுதித் தேய்த்துப் படித்தவர்கள். எழுதிய பக்கம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் படிப்பு நடந்ததாக மனம் ஒப்புகிறது. ஆனால் நீங்கள் சொன்ன அந்தப் பாட்டும் கதையும் களிமண்ணும்தான் பாடம். ஒரே ஒரு வாரத்தை எடுத்து, 'ம' என்கிற ஓர் எழுத்தைப் பின்தொடர்ந்து போனால் அது எப்படி என்று விளங்கும்.

நான் மனதில் வைத்துச் சொல்வது ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. இரண்டு ஆசிரியர்கள். நான்கும் ஐந்தும் ஹெச்.எம். கையில். ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய மூன்று வகுப்பும் ஒரே அறையில், ஒரே டீச்சரிடம். தமிழ்நாட்டின் கிராமங்களில் இப்படிப்பட்ட பள்ளிகள் ஏராளம். அறைக்குள் போனால் பெஞ்சு இருக்காது, பாய் விரித்திருக்கும். சுவரில் தரையை ஒட்டி, பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கறுப்பு வண்ணம் அடித்துக் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு கட்டம் சொந்தம். அந்தத் தாழ்ந்த கரும்பலகை செயல்வழிக் கற்றல் விட்டுச்சென்ற சொத்து. ஆந்திராவின் ரிஷி வேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவான அட்டை முறையைப் பார்த்துவிட்டு வந்து, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார்கள். 2007 வாக்கில் அது மாநிலம் முழுவதும் பரவியது. பாடத்தைச் சிறு சிறு படிகளாக உடைத்து, ஏணிபோல் அடுக்கி, பிள்ளை தன் வேகத்தில் ஏறட்டும் என்று விட்டது அந்த முறை.

பிறகு கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பில் உட்காராமலேயே இரண்டாம் வகுப்புக்கும் மூன்றாம் வகுப்புக்கும் வந்துவிட்ட பிள்ளைகளை ஆசிரியர்கள் அப்போது பார்த்தார்கள். அதற்கு மருந்தாகத்தான் 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியது. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் பொருள் புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும், அதுவும் 2025க்குள், என்பது அதன் இலக்காக இருந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து, பாட்டுக்கு ஒரு களம், கதைக்கு ஒரு களம், பொம்மலாட்டத்துக்கு ஒரு களம் என்று அறையின் மூலைகளை ஒதுக்கினார்கள். நீங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்த ஆட்டம் பாட்டமெல்லாம் அப்படி வந்தது.

சரி, திங்கட்கிழமைக்கு வருவோம். காலை உணவு முடிந்திருக்கும். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, மறு ஆண்டு ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த திட்டம் அது. உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒன்றாம் வகுப்பு டீச்சரைக் கேட்டுப் பாருங்கள். பத்து மணிக்கே சுவரில் சாய்கிற தலைகள் குறைந்துவிட்டன என்பார்.

முதல் வேலை வருகைப் பதிவு. நல்ல வகுப்பில் அதைப் பிள்ளைகளே செய்வார்கள். சுவரில் ஓர் அட்டவணை தொங்கும். தன் பெயரைத் தேடிப் பிடித்து, இன்றைய கிழமைக்கு நேரே ஒரு குறி போட வேண்டும். படிக்கத் தெரியாத பிள்ளை எப்படித் தன் பெயரைக் கண்டுபிடிக்கும்? ஒட்டுமொத்த உருவமாகத்தான். முதல் எழுத்தின் வளைவு, பெயரின் நீளம், கடைசியில் இருக்கும் புள்ளி, இதையெல்லாம் வைத்து அடையாளம் காணும். பக்கத்திலேயே இன்னொரு அட்டவணை. வெளியே எட்டிப் பார்த்து வெயில், மேகம், மழை என்று படம் வரைய வேண்டும். இந்த இரண்டு காகிதத்துக்கும் வெள்ளிக்கிழமை வேலை இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

அடுத்தது பாட்டு. மாமரம், மயில், மணி என்று 'ம' நிறைய வருகிற பாட்டாக டீச்சர் எடுத்துக்கொள்வார். திங்கட்கிழமை முழுக்க 'ம' என்ற எழுத்தைக் கரும்பலகையில் எழுதவே மாட்டார். முதலில் காது. ஓசையைத் தனியாகப் பிரித்துக் கேட்கத் தெரியாத பிள்ளைக்கு எழுத்தைக் காட்டினால், அது ஒரு கோலத்தைப் பார்ப்பதுபோல் பார்க்கும். 'இதுக்குப் பேரு ம' என்று மனப்பாடம் செய்யும். 'மயில்' என்ற சொல்லின் தொடக்கத்தில் இருக்கும் ஓசைதான் அது என்கிற சங்கதி பிடிபடாது. எழுத்தெல்லாம் அடையாளம் தெரிந்தும் சொல்லைக் கூட்டிப் படிக்கத் தெரியாமல் நான்காம் வகுப்புக்கு வந்துவிடுகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அவர்கள் இந்த இடத்தில்தான் தவறியிருப்பார்கள்.

அதனால் டீச்சர் விளையாட்டு வைக்கிறார். ஒரு பைக்குள் மணி, மிளகாய், மூடி, சீப்பு, மஞ்சள். எடுக்க எடுக்கப் பெயர் சொல்ல வேண்டும். எது கூட்டத்தில் சேராதது? சீப்பு. ஏன்? "அது சீ-ன்னு வருது டீச்சர்." போதும், காது திறந்துவிட்டது. அடுத்த கட்டம் இன்னும் நுட்பமானது. நம் பேச்சில் 'மரம்' என்று சொல்லும்போது கடைசி 'ம்' உதடு மூடாமலேயே மூக்கில் கரைந்துவிடுகிறது. நீங்களே சொல்லிப் பாருங்கள். உதடு ஒட்டாது. அப்படியிருக்க, அங்கே ஒரு 'ம்' இருப்பது ஐந்து வயதுப் பிள்ளைக்கு எப்படிக் கேட்கும்? அதற்காகத்தான் டீச்சர் உதட்டை அழுத்தி மூடி, நிறுத்தி, "மரம்ம்ம்" என்கிறார். பிள்ளைகள் அவர் வாயையே பார்க்கிறார்கள், தாங்களும் மூடிப் பார்க்கிறார்கள். செவ்வாயோ புதனோ ஒரு குழந்தை எழுந்து, "டீச்சர், குடத்துலயும் கடைசில ம் இருக்கு" என்று சொல்லும். யாரும் கேட்காமலே சொல்லும். அந்த வாரத்தில் அந்தப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய படிப்பு வேறு எதுவும் கிடையாது. நோட்டில் அதற்குத் தடயமே இருக்காது.

வீட்டுப் பேச்சு என்று வந்துவிட்டதால் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை 'இருக்கு' என்று பேசும், புத்தகம் 'இருக்கிறது' என்னும். பிள்ளை 'வாளப்பளம்' என்னும், புத்தகத்தில் ழகரம் நிற்கும். ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டு வருகிற பிள்ளை உண்டு. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பத்துப் பிள்ளை, காலையில் இந்தியிலோ ஒடியாவிலோ பேசிவிட்டு வந்து தமிழ் வகுப்பில் உட்காருகிறது. முதல் நாளே "அப்படிச் சொல்லக் கூடாது, சரியாச் சொல்லு" என்று நிறுத்தினால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். ஒன்றாம் வகுப்பில் வாயை மூடிய பிள்ளையைத் திறக்க வைப்பது மிகக் கடினம். நல்ல டீச்சர் 'வாளப்பளம்' என்பதை அப்படியே வாங்கிக்கொண்டு, "ஆமா, வாழைப்பழம். யாருக்கெல்லாம் வாழைப்பழம் புடிக்கும்?" என்று சரியான உச்சரிப்பைத் தன் வாயால் திருப்பித் தருவார். திருத்தம் நடந்துவிட்டது, பிள்ளை வெட்கப்படவில்லை. இந்த ஒரு பழக்கத்தை வைத்தே நான் ஒன்றாம் வகுப்பு ஆசிரியரை எடை போடுவேன்.

செவ்வாய்க்கிழமைதான் எழுத்து கண்ணுக்கு வருகிறது. கைக்கு வருவதற்கு முன்னால் கொஞ்சம் நிற்க வேண்டும். மணிக்கட்டுக்குள் எட்டுச் சிறு எலும்புகள் இருக்கின்றன. ஐந்து, ஆறு வயதில் அவற்றில் சில இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். கடைசி எலும்பு இறுகத் தொடங்க எட்டு வயதுக்கு மேல்கூட ஆகலாம். விரல்களின் சிறு தசைகளும் அப்படித்தான், பழக்கத்தில் வலுவாக வேண்டியவை. களிமண் உருட்டுவதும் காகிதம் கிழித்து ஒட்டுவதும் மணி கோப்பதும் அந்தத் தசைகளுக்கான பயிற்சி. மூன்று வயதில் பென்சிலைத் திணித்த பிள்ளை அதை முஷ்டியால் பிடித்துப் பழகிவிடும். பிறகு அந்தப் பிடியை மாற்ற டீச்சர் படுகிற பாடு பெரிது.

எந்த எழுத்தைக் கை முதலில் எழுத வேண்டும் என்பதிலும் யோசனை இருக்கிறது. அகர வரிசை 'அ'வில் தொடங்குகிறது. ஆனால் எழுதிப் பாருங்கள். 'அ' சுழித்து, வளைத்து, கோடு இழுத்து முடிக்க வேண்டிய எழுத்து. 'இ' அதைவிடச் சிரமம். 'ட' எப்படி? மேலிருந்து கீழே ஒரு கோடு, வலப்பக்கம் ஒரு கோடு, முடிந்தது. அதே கோட்டை மேலே ஏற்றினால் 'ப'. ஏற்றிய கோட்டை உள்நோக்கி வளைத்து இறக்கினால் 'ம'. ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கிறது. இந்த மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும் கையில் இருந்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்று சொற்களே வந்துவிடும். எழுதத் தொடங்கிய சில வாரங்களில் பிள்ளை உண்மையான ஒரு சொல்லை எழுதிவிடுகிறது! அதனால் விவரம் தெரிந்த ஆசிரியர்கள் உயிரெழுத்தைப் பாட்டாகவும் படமாகவும் காதுக்கும் கண்ணுக்கும் கொடுத்துவிட்டு, கைக்கு ட, ப, ம என்று கொடுப்பார்கள்.

அதுவும் நேரே பென்சிலில் இல்லை. டீச்சர் பிள்ளையின் முதுகில் விரலால் எழுதுவார், காற்றில் எழுதச் சொல்வார், தரையில் சாக்பீஸால் பெரிதாக வரைந்து அதன் மேல் நடக்கச் சொல்வார். பிறகு மணல் தட்டு. மணலில் எழுதும்போது விரல் நுனி வடிவத்தை உணர்கிறது. தப்பானால் தடவி அழித்துவிடலாம், அடித்தல் திருத்தல் நோட்டில் நின்று குற்றம் சொல்லாது. இது புதுமை என்று நினைக்க வேண்டாம். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலில்தான் எழுத்துப் பழகினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் மதராஸின் எழும்பூரில் ராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்தைக் கவனித்துவந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தன் இல்லத்திலும் அதைக் கொண்டுவந்தார். தேர்ந்த பிள்ளை மற்றப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் செய்தார். இங்கிலாந்து திரும்பி 1797இல் அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். பிரிட்டனில் 'மதராஸ் முறை' என்றே அது பரவியது. அவர் விட்டுச்சென்ற பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் எழுந்த பள்ளிக்கு இன்றைக்கும் மதராஸ் காலேஜ் என்றுதான் பெயர். நம் பிள்ளை மணலில் கை வைத்தால் 'விளையாடுது' என்று நாம் சங்கடப்படுகிறோம்.

புதன்கிழமை 'ம' தன் குடும்பத்தோடு வருகிறது. தமிழ் எழுத்தின் உண்மையான சிரமம் இங்கேதான். 'ம' என்று தனியாக எழுதினாலே அதற்குள் ஓர் 'அ' ஒளிந்திருக்கிறது. தலையில் புள்ளி வைத்தால் அந்த 'அ' போய்விடும், உதடு மூடும். கால் போட்டால் 'மா'. அந்தக் காலுக்கும் 'ர' எழுத்துக்கும் வித்தியாசம் அடியில் ஒரு சின்ன இழுப்பு மட்டும்தான். 'மரம்' என்பதில் வேண்டாத காலைச் சேர்த்து 'மாரம்' என்று எழுதுவதும், 'காரம்' என்பதில் ரகரத்தைக் காலென்று நினைத்து விழிப்பதும் அதனால்தான். பிள்ளைக்குக் கவனமில்லை என்று முடிவு கட்ட வேண்டாம், எழுத்தே அப்படி அமைந்திருக்கிறது. அடுத்து ஒற்றைக் கொம்பு. 'மெ' என்று சொல்லும்போது முதலில் கேட்பது ம், பிறகுதான் எ. ஆனால் கை முதலில் கொம்பை எழுதிவிட்டு 'ம'வுக்குப் போக வேண்டும். காது சொல்கிற வரிசை ஒன்று, கை போகிற வரிசை வேறு. 'மோர்' இன்னும் மோசம். இரட்டைக் கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் 'ம'. உகரத்தின் கதையைக் கேட்கவே வேண்டாம். கு, டு, மு ஒரு மாதிரி சுழியும், சு, பு, வு கீழே கோடாக இறங்கும், து, நு, லு காலை நீட்டும். பதினெட்டு மெய்க்கும் ஒரே விதி கிடையாது. மொத்தம் 247 எழுத்து என்று சொல்லிப் பிள்ளையைப் பயமுறுத்துவது தவறு. அடையாளக் குறிகள் பிடிபட்டுவிட்டால் மீதி தானே ஓடிவரும். ஆனால் அந்தக் குறிகள் பிடிபட நாள் ஆகும், ஒன்றாம் வகுப்பு முழுவதும்கூட ஆகும் என்பதையாவது பெரியவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

வீட்டில் தாத்தா பாட்டி சொல்லிக்கொடுப்பவர்களாக இருந்தால் இன்னொரு சிறு சிக்கல். 1978இல் தமிழ்நாடு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தில் சிலவற்றை ஏற்றுக்கொண்டது. ணை, லை, ளை, னை ஆகியவற்றின் முன்னால் இருந்த துதிக்கை போன்ற சுழி போய், இன்றைய ஐகாரக் கொம்பு வந்தது. ணா, றா, னா ஆகியவற்றின் சுழித்த வடிவமும் போய்விட்டது. அதற்கு முன் படித்த கைகள் இன்னமும் பழைய வடிவத்தில் எழுதும். பாட்டி எழுதிக் காட்டிய 'லை' பிள்ளையின் புத்தகத்தில் இருக்காது. பாட்டியை நிறுத்தச் சொல்லவில்லை. "இது பாட்டி காலத்து எழுத்து, இது உன் காலத்து எழுத்து" என்று இரண்டையும் காட்டிவிட்டால் பிள்ளை சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளும்.

இன்னொரு டீ ஊற்றட்டுமா? கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. இதில்தான் பெற்றோர் அதிகம் ஏமாறுகிறோம். பிள்ளை ஒன்று முதல் நூறு வரை கடகடவென்று ஒப்பிக்கும். நாமும் அக்கம்பக்கத்தில் சொல்லிப் பெருமைப்படுவோம். அது பாட்டை ஒப்பிப்பது போன்ற காரியம். உண்மையிலேயே எண்ணத் தெரியுமா என்று பார்க்க வேண்டுமானால் ஏழு புளியங்கொட்டையைத் தரையில் கொட்டி எண்ணச் சொல்லுங்கள். சில பிள்ளைகள் ஒரே கொட்டையை இரண்டு முறை தொடும். சில பிள்ளைகள் வாய் ஒன்பதுக்குப் போனபிறகும் விரல் ஆறாவது கொட்டையில் நிற்கும். சரியாக எண்ணி முடித்த பிள்ளையிடம், "அப்ப மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். உடனே "ஏழு" என்று சொன்னால் தெரிந்துகொண்டுவிட்டது. மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அதற்கு இன்னும் புரியவில்லை. அடுத்தது, அதே ஏழு கொட்டையையும் தள்ளித் தள்ளி நீளமாகப் பரப்பி, "இப்ப எத்தனை?" என்று கேளுங்கள். ஐந்து வயதில் பல பிள்ளைகள், "இப்ப நிறைய" என்று சொல்லும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ழான் பியாஜே இந்த விஷயத்தை இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே விளக்கியிருக்கிறார். பரப்பினாலும் குவித்தாலும் எண்ணிக்கை மாறாது என்பது நமக்குச் சொல்லாமலே தெரிந்த உண்மைபோல் இருக்கிறது. பிள்ளை அதைக் கையால் தொட்டுத் தொட்டுத்தான் கண்டுபிடித்தாக வேண்டும்.

அதனால் அந்த வாரம் முழுவதும் 'ஐந்து' மட்டும் நடக்கும். ஐந்து கொட்டையை இரண்டு கைக்குள் பிரித்து ஒளித்து, ஒரு கையைத் திறந்து காட்டுவார் டீச்சர். மூன்று தெரிகிறது, மூடிய கையில் எத்தனை? நான்கும் ஒன்றும், மூன்றும் இரண்டும், ஐந்தும் ஒன்றுமில்லாததும். கூட்டல், கழித்தல், சுழியம் மூன்றும் இந்த ஒரு விளையாட்டுக்குள் வந்துவிட்டன. கூட்டல் குறியோ கழித்தல் குறியோ இன்னும் எழுதவில்லை. பத்துக்கு வரும்போது குச்சிகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுவார்கள். கட்டு ஒன்று, உதிரி மூன்று, பதிமூன்று. இந்தக் கட்டைப் பிள்ளை கையில் பிடித்துப் பார்த்திருந்தால், இரண்டாம் வகுப்பில் 'கடன் வாங்கிக் கழித்தல்' வரும்போது எதை அவிழ்க்கிறோம் என்று அதற்குத் தெரியும்.

இதற்கெல்லாம் வீட்டிலேயே ஒரு கருவி இருந்தது. பல்லாங்குழி. ஒரு பக்கம் ஏழு, மறுபக்கம் ஏழு, பதினாலு குழி. குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போவது எண்ணும் எண்ணுக்கு ஒரு பொருள் என்ற பழக்கத்தை விரலுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. காலியான குழியில் விழுந்து விழுந்து நான்கு சேர்ந்தால் அது 'பசு', எடுத்துக்கொள்ளலாம். அதை எண்ணிக்கொண்டிருந்தால் எதிராளி முந்திவிடுவார். ஒரே பார்வையில் நான்கு என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். எண்ணாமலே சிறு எண்ணிக்கையை அறியும் இந்தத் திறன் பின்னால் வருகிற மனக்கணக்குக்கு அடித்தளம். அட்டத்திலோ பரணிலோ கிடந்தால் பல்லாங்குழியை இறக்குங்கள். கடையில் வாங்கும் எந்தக் கணக்கு ஆப்பும் அதற்கு ஈடாகாது என்பது என் துணிபு.

வியாழக்கிழமை கதை. பாட்டி வடை சுட்ட கதை எல்லாருக்கும் தெரியும், அதனால்தான் அது உதவுகிறது. டீச்சர் விரல் பொம்மையை மாட்டிக்கொண்டு சொல்வார், நான்கு படங்களைக் கலைத்துப் போட்டு வரிசையாக அடுக்கச் சொல்வார். பிள்ளை எழுந்து தன் சொந்தப் பேச்சில் மறுபடி சொல்லும். முதலில் இது, பிறகு அது, அதனால் இப்படி ஆயிற்று என்று கோத்துச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத்தான் நாளை ஒரு பத்தியைப் படித்தால் பொருள் புரியும். ஆங்கிலப் பாட்டும் ஓவியமும் ஓட்டப் பந்தயமும் இடையிடையே உண்டு. அவற்றை விரிக்க இங்கே நேரமில்லை.

வெள்ளிக்கிழமை சுவரிலிருந்து அந்த இரண்டு அட்டவணையும் இறங்கும். எத்தனை நாள் வெயில், எத்தனை நாள் மேகம்? எது அதிகம்? யார் புதன்கிழமை வரவில்லை? பிள்ளைகள் தாங்களே போட்ட குறியைத் தாங்களே எண்ணி விடை சொல்வார்கள். தகவல் திரட்டிப் படிக்கிற கணக்கின் முதல் பாடம் இது. நேற்று, இன்று, நாளை என்ற கால வரிசையும் கிழமையின் பெயர்களும் இதற்குள்ளேயே வந்துவிடும்.

மதிப்பீடும் அன்றுதான். தனியாகத் தேர்வு என்று பேப்பர் கொடுக்க மாட்டார்கள். ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்து, நான்கு அட்டையைக் காட்டி 'ம' எது என்று கேட்பார் டீச்சர். 'மணி' என்ற சொல்லை ஒலித்துக் காட்டச் சொல்வார், ஐந்து கொட்டையைப் பிரிக்கச் சொல்வார். மூன்று பிள்ளைகளுக்கு 'மெ' வரவில்லை என்றால் அடுத்த திங்கள் அந்த மூன்று பேருக்கு மட்டும் கொம்பு எழுத்து மறுபடி நடக்கும். மற்றவர்கள் முன்னே போவார்கள். வளரறி மதிப்பீடு என்பதன் பொருள் அவ்வளவுதான்: அடுத்த வாரம் யாருக்கு என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஆசிரியர் தெரிந்துகொள்வது. இதில் யாரும் பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை.

இப்போது அந்த டீச்சரின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் உதட்டைக் கவனிக்க வேண்டும், பென்சில் பிடியைக் கவனிக்க வேண்டும், கொட்டை எண்ணும் விரலைக் கவனிக்க வேண்டும். அதே நேரத்தில் மூன்றாம் வகுப்புக்குப் பெருக்கல் நடத்த வேண்டும், இரண்டாம் வகுப்பில் ஒருவனுக்கு மூக்கில் ரத்தம் வரும், நடுவே செயலியில் விவரம் ஏற்ற வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்று கணக்கு வைத்திருக்கிறது. தலையை எண்ணுகிற கணக்கு அது. ஐந்து வகுப்பு இருக்கிறதே என்று அது பார்ப்பதில்லை. நான் இவ்வளவு நேரம் சொன்ன வாரம் முழுதாக நடக்க வேண்டுமானால் ஒன்றாம் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் தனியாக வேண்டும். பள்ளியில் உள்ளவர்களிலேயே கைதேர்ந்தவராகவும் இருக்க வேண்டும். புதிதாக வந்தவரை ஒன்றாம் வகுப்பில் போடுவது பல பள்ளிகளில் வழக்கமாக இருக்கிறது. அது பெரிய பிசகு.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் தரக் கூடாது என்று 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டு மத்திய அரசும் அந்த வகுப்புகளுக்குப் பை ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்றது. பள்ளி வீட்டுப்பாடம் தரவில்லை என்பதற்காக நீங்கள் ட்யூஷன் வைத்து 'ம, மா, மி, மீ' பத்து முறை எழுத வைக்காதீர்கள். சாயங்காலம் நோட்டைத் தேடாமல், "இன்னைக்கு என்ன கதை?" என்று கேட்டு, பிள்ளை சொல்லி முடிக்கிற வரை குறுக்கிடாமல் கேளுங்கள். வெங்காயம் எண்ணி எடுத்து வரச் சொல்லுங்கள். பஸ்ஸில் போகும்போது கடைப் பலகையில் 'ம' தேடச் சொல்லுங்கள்.

ஒரு வேலை மட்டும் உங்களை விட்டால் செய்ய ஆளில்லை. பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் இருக்கிறது. அதன் உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். அடுத்த கூட்டத்துக்கு அவசியம் போங்கள். கழிப்பறை, சுற்றுச்சுவர் பற்றிப் பேசி முடித்தபிறகு, ஒன்றாம் வகுப்புக்குத் தனி ஆசிரியர் வேண்டும் என்று ஒரு தீர்மானம் எழுதச் சொல்லி, அதில் உங்கள் கையெழுத்தைப் போட்டுவிட்டு வாருங்கள்.